முன்பின் தெரியாதவர்கள்

போன பொங்கலுக்கு மூத்த பேத்தி வந்திருந்தாள். கோவையில் வேலை. நாலு நாள் லீவு. மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம், எங்கள் ஊர் மலையில் பனி இறங்க ஆரம்பித்த நேரம், தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தாள்.

"தாத்தா, ஒரு படம் போடறேன். பாட்டியும் வரட்டும். அடிதடி கிடையாது."

"காதல் படமா?"

"ஆமா."

"எழுபது வயசு தாண்டியாச்சு. எங்களுக்கெதுக்குக் கண்ணு அதெல்லாம்?"

படத்தின் பெயரைச் சொன்னாள். சில்லுக்கருப்பட்டி. அந்தப் பெயர்தான் என்னை உட்கார வைத்தது. கருப்பட்டியைச் சில்லு சில்லாக வாயில் அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்காரியும் வந்து உட்கார்ந்தாள்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது 2019 டிசம்பர் 27-ஆம் தேதி வெளியான படம். எழுதி இயக்கியவர் ஹலிதா ஷமீம் என்ற பெண் இயக்குநர். அவருடைய முதல் படம் 'பூவரசம் பீப்பீ' 2014-இல் வந்தது. பள்ளி லீவில் மூன்று பையன்கள் செய்யும் காரியங்களைப் பற்றிய படம் அது. முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே ஐந்து வருடம். பெரிய நட்சத்திரம் இல்லாமல், சண்டைக்காட்சி இல்லாமல் படம் எடுக்கிறவர்களுக்கு இங்கே அவ்வளவு காலம் ஆகிறது. சில்லுக்கருப்பட்டியைச் சின்ன முதலீட்டில் எடுத்து, நடிகர் சூர்யாவின் 2டி நிறுவனம் வாங்கி வெளியிட்ட பிறகுதான் அது தியேட்டரைப் பார்த்தது. அப்புறம் நெட்ஃபிளிக்ஸில் வந்து வீடு வீடாகப் போனது. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வர ஆறு வருடம் பிடித்திருக்கிறது.

படத்தில் நாலு கதை. குப்பைமேட்டில் பொறுக்கும் ஒரு சிறுவனுக்கும் வசதியான வீட்டுச் சிறுமிக்கும் நடப்பது முதல் கதை. அவள் வீட்டுக் குப்பை இளஞ்சிவப்புப் பையில் வரும், அதுதான் அவனுக்கு அடையாளம். வாடகைக் காரைப் பங்கு போட்டுக்கொண்டு போகும் ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் இரண்டாவது கதை. வயதான ஒரு ஆணும் பெண்ணும் ஆஸ்பத்திரியில் அறிமுகமாவது மூன்றாவது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமோ என்னவோ ஆகி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறந்துபோன புருஷன் பெண்டாட்டி நாலாவது.

இதில் இரண்டாவது கதையைப் பற்றித்தான் பேச வந்தேன். அதன் பெயர் 'காக்கா கடி'. நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கமர்கட்டைச் சட்டை நுனியில் சுற்றிப் பல்லால் கடித்து இரண்டாக்கி, எச்சில் படவில்லை என்று சத்தியம் செய்து நண்பனுக்குப் பாதி கொடுப்போமே, அதுதான். அந்தக் கதையில் வரும் பையன் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். ஓய்வு நேரத்தில் கேலிப்படம் போட்டு நாலு பேரைச் சிரிக்க வைப்பவன். அவனுக்கு வெளியே சொல்லக் கூசும் இடத்தில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் வகைதான். ஆனாலும் பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றுபோகிறது. அந்த நிலைமையில், தினமும் வேலைக்குப் போக ஒரே காரில் ஏறும் ஒரு பெண் அவனுக்குப் பழக்கமாகிறாள். மணிகண்டனும் நிவேதிதா சதீஷும் நடித்திருக்கிறார்கள். வீட்டாரிடம் சொல்ல முடியாததை அவன் அவளிடம் சொல்கிறான். அவள் ஓடிப்போகவில்லை. நோயைப் பற்றி இரண்டு பேரும் சிரிக்கவும் சிரிக்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். "காரில் ஏறின பொண்ணு, முன்பின் தெரியாத பையன்கிட்ட இப்படியா பேசுவா? நம்பற மாதிரி இல்லையே" என்றேன்.

பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரிதான் கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல் சொன்னாள்: "ஏனுங்க, நாம மட்டும் முன்பின் தெரிஞ்சவங்களா? நெய்க்காரப்பட்டியில என்னைப் பார்க்க வந்தீங்களே, எத்தனை நேரம் பார்த்தீங்க?"

பேத்தி படத்தை நிறுத்திவிட்டாள். "எத்தனை நேரம் பாட்டி?"

"காப்பித் தட்டை நீட்டினேன். எடுத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான். தலையை நிமிர்த்தி நான் முகத்தைப் பார்த்தது தாலி கட்டின பிறகு."

1976-இல் எங்களுக்குக் கல்யாணம். யோசித்துப் பார்த்தால், முன்பின் தெரியாத இரண்டு இளசுகளைப் பிடித்து ஒரே அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்திய ஊர் நம் ஊர். சினிமாக்காரன் அதற்குக் காரும் ரயிலும் மழையும் தேடுகிறான். நமக்கு ஒரு ஜாதகக்கட்டு போதும். அந்த இரவில் என்ன பேசுவது என்று தெரியாமல், "பழனியிலே எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன். "எட்டாவதோட நிறுத்திட்டாங்க" என்றாள். அதற்கு மேல் அன்று பேச்சு ஓடவில்லை. நன்றாகப் பேச எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. எங்களுக்குப் பொருந்திப் போனது. எத்தனையோ பேருக்குப் பொருந்தவில்லை. பொருந்தாதவர்கள் வெளியே சொல்லவில்லை, அதனால் கணக்கில் வரவில்லை.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு நான் பார்த்த பழைய படங்களையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகை ஞாபகம் வந்தது. தரை டிக்கெட். மணலைக் குவித்துப் பீடம் போட்டு உட்காருவோம், பின்னால் இருப்பவன் திட்டுவான். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். திரையில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் எவ்வளவு நெருங்கினாலும் தரையில் அந்தச் சுவர் அசையாது.

அந்தக் கொட்டகையில்தான் 'மிஸ்ஸியம்மா' பார்த்தேன். 1955-இல் வந்த விஜயா நிறுவனப் படம், எல்.வி.பிரசாத் இயக்கம். நான் பார்த்தது பல வருடம் கழித்து, பழைய பிரிண்டில். வேலையில்லாப் பட்டதாரிகளான இரண்டு பேர், முன்பின் தெரியாதவர்கள். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் புருஷன் பெண்டாட்டியாக இருந்தால்தான் ஆசிரியர் வேலை என்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்காகத் தம்பதி என்று பொய் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அவன் இந்து, அவள் மேரி என்ற கிறிஸ்தவப் பெண். சண்டையும் சிரிப்புமாகப் போய்க் காதலில் முடியும். அந்தக் காலத்துக்கு என்ன துணிச்சல் என்று தோன்றும். ஆனால் கடைசியில் என்ன ஆகிறது? அந்த மேரி, சின்ன வயதில் தொலைந்துபோன ஜமீன்தாரின் மகள் மகாலட்சுமி என்று தெரிய வருகிறது. எல்லோருக்கும் நிம்மதி. கொட்டகையில் கைதட்டல். நானும் தட்டினேன். இப்போது யோசித்தால், அவள் மேரியாகவே இருந்திருந்தால் கைதட்டியிருப்போமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்து 'காதலிக்க நேரமில்லை', 1964. ஸ்ரீதர் தன் சொந்த சித்ராலயா நிறுவனத்தில் எடுத்தது. ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் முதல் படம். நம் பக்கத்து ஆழியாறில் எடுத்த காட்சிகள், நம் தாராபுரத்துக்காரர் நாகேஷ் என்று எங்கள் ஊரே அந்தப் படத்தைச் சொந்தம் கொண்டாடியது. பாலையாவிடம் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் இடத்துக்கு இன்றைக்கும் சிரிப்பு அடங்காது. அதிலும் பாருங்கள், வேலை போன பையன் பணக்காரர் மகளைக் காதலிக்கிறான். பாலையா சம்மதிக்க வேண்டும் என்றால் அவன் கோடீஸ்வரன் மகன் என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. நண்பன் முத்துராமன் தாடியும் கோட்டுமாகக் கிழவன் வேஷம் போட வேண்டியிருக்கிறது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1934-இல் வந்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' என்ற படம்தான் இந்த வகைக்கெல்லாம் தாத்தா. ஃபிராங்க் காப்ரா எடுத்தது. ஆஸ்காரில் முக்கியமான ஐந்து பரிசையும் வாங்கியது. வீட்டைவிட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் வேலை போன பத்திரிகைக்காரனும் ஒரே பஸ்ஸில் மாட்டிக்கொள்கிறார்கள். ராத்திரி ஒரே அறையில் தங்க வேண்டி வருகிறது. வெளியே புருஷன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு, உள்ளே இரண்டு கட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். இந்தியில் அதே கதையை ராஜ்கபூரும் நர்கிஸும் 1956-இல் 'சோரி சோரி'யாக நடித்தார்கள். அந்தப் போர்வையும் எங்கள் கொட்டகை இடுப்புச் சுவரும் ஒன்றுதான் என்று அன்று ராத்திரி எனக்குத் தோன்றியது.

சொல்ல வருவது இதுதான். அந்தக் காலத்தில் ஒரு ஆணும் பெண்ணும் பேச வேண்டும் என்றால் சினிமாவிலேயே பொய் தேவைப்பட்டது. தம்பதி வேஷம், கிழவன் வேஷம், கோடீஸ்வரன் வேஷம். சிரிப்பு முழுக்க அந்தப் பொய் எப்போது உடையும் என்பதில்தான் இருந்தது. சில்லுக்கருப்பட்டியில் அந்தக் காரில் இரண்டு பேரும் எந்த வேஷமும் போடவில்லை. அவன் சொல்வதில் பெரிய விஷயமே, எல்லோரும் மறைக்கச் சொன்ன உண்மைதான். பொய்யில் ஆரம்பித்து உண்மைக்கு வந்த படங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். உண்மையில் ஆரம்பிக்கும் ஒரு காதல் கதையை எழுபத்து நாலு வயதில்தான் பார்த்தேன்.

படம் குறை இல்லாதது என்று சொல்ல மாட்டேன். அந்தக் காரில் ஏறுகிற யாரும் "நீங்க எந்த ஊர், யார் வீடு?" என்று கேட்பதில்லை. நம் பக்கம் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னைப் பட்டணத்தில் கேட்காமல் இருக்கலாம். கல்யாணப் பேச்சு வருகிறபோது பட்டணத்திலும் கேட்பார்கள். அந்த இடம் வருவதற்குள் கதையை முடித்துவிட்டார்கள். மிஸ்ஸியம்மா ஒரு மாதிரித் தப்பித்தது, இது வேறு மாதிரித் தப்பிக்கிறது. நோயைக் கொண்டுவந்து இரக்கத்தைச் சுலபமாக்கியதும் ஒரு குறுக்கு வழிதான். ஆனாலும் இரண்டு இளம் பிள்ளைகள் கௌரவமாக, கலகலப்பாக, ஒருவரை ஒருவர் மனுஷராக மதித்துப் பேசுவதை இவ்வளவு இயல்பாகக் காட்டிய படம் நான் அதிகம் பார்த்ததில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்த விஷயத்தில் என் கையில் ஒரு கறை இருக்கிறது.

முப்பத்தைந்து வருடம் வாத்தியாராக இருந்தேன். 1989 என்று ஞாபகம். ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். சாயங்காலம் பள்ளி விட்டு சைக்கிளில் வரும்போது, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் என் வகுப்புப் பெண்ணும் ஒரு பையனும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் கையில் நோட்டு. சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளை நிறுத்தவில்லை. என்ன பேச்சு என்று கேட்கவில்லை. நேராக அவள் அப்பாவின் மளிகைக் கடைக்குப் போனேன். "பிள்ளையைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பொறுப்பான வாத்தியார் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. அரசுத் தேர்வுக்கு நாலு மாதம் இருந்தது. கணக்கில் வகுப்பிலேயே முதல். தை மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது. எனக்கும் வைத்திருந்தார்கள், "சார் சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று. நான் கல்யாணத்துக்குப் போனேன். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

இருபது வருடம் கழித்துப் பழனி அடிவாரத்தில் அவளைப் பார்த்தேன். பூக்கடை வைத்திருந்தாள். அவள்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றாள். இரண்டு முழம் பூ கட்டிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தாள். பக்கத்தில் அவள் மகள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மரத்தடியில் என்ன பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எதைப் பேசியிருந்தாலும் அது என் தப்பைக் குறைக்கப் போவதில்லை. கணக்குப் பாடம் பேசியிருக்கலாம். காதலே பேசியிருக்கலாம். அதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டுமா?

இதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

நம் பக்கத்தில் இது படிப்பை நிறுத்துவதோடு நிற்பதும் இல்லை. 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சங்கர் என்ற இன்ஜினியரிங் மாணவரை வெட்டிக் கொன்றார்கள். 22 வயது. பொள்ளாச்சியில் கல்லூரியில் பழகிக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர். அவர் தலித். மனைவி வேறு சாதி, பழனிப் பெண். அந்தப் பெண்ணுக்கும் வெட்டு விழுந்தது, பிழைத்துக்கொண்டார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே டிவியில் பார்த்தது. உடுமலை இங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ். அந்தப் பஸ் நிலையத்தில் நாம் இறங்கி டீ குடித்திருப்போம். வழக்கு கீழ்க்கோர்ட், ஹைகோர்ட் என்று போனது. தீர்ப்பைப் பற்றிப் பேச நான் சட்டம் படித்தவன் இல்லை. எனக்குத் தோன்றியது வேறு. மளிகைக் கடையில் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் அந்த அரிவாளும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் பயம் ஒன்றுதான். நம் வீட்டுப் பெண் யாரிடம் பேசுகிறாள் என்பது அவள் விஷயம் கிடையாது, நம் மானம் என்ற நினைப்பு.

இதைக் காலை நடையில் என் கூட்டாளிகளிடம் சொன்னேன். பாலாறு பொருந்தலாறு அணைக்குப் போகும் ரோட்டில் நாங்கள் நாலு பேர் நடப்போம். நாலு பேருமே ரிட்டையர்டு. ஒருவர் சட்டென்று நின்றுவிட்டார். "சார், நீங்க சினிமாவைப் பார்த்துட்டுப் பேசறீங்க. பொள்ளாச்சியில 2019-இல என்ன நடந்துச்சு? பிரண்டுன்னு பழகித்தானே அந்தப் பசங்க பொண்ணுகளைச் சீரழிச்சானுக? முன்பின் தெரியாதவன்கிட்டப் பேசாதேன்னு சொல்றதுல என்ன தப்பு?"

நியாயமான கேள்வி. அவருக்கும் பேத்திகள் இருக்கிறார்கள். அந்த வழக்கில் போன 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் கோர்ட் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. ஆபத்து கற்பனை என்று நான் சொல்லவே மாட்டேன். காரில் கூட வருகிறவன் எல்லாம் அந்தப் படத்துப் பையனாக இருக்க மாட்டான்.

ஆனால் அந்த அயோக்கியர்கள் எதை நம்பி அவ்வளவு காலம் அதைச் செய்தார்கள்? வீடியோ எடுத்து மிரட்டினார்களே, என்ன சொல்லி மிரட்டினார்கள்? வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்றுதானே? வீட்டுக்குத் தெரிந்தால் தன்னைத்தான் வெட்டிப் போடுவார்கள், தன் படிப்பைத்தான் நிறுத்துவார்கள் என்று ஒரு பெண் பயந்தால், அந்தப் பயம்தான் மிரட்டுகிறவனுடைய மூலதனம். அந்த மூலதனத்தை அவனுக்குக் கொடுத்தது நாம். "எனக்கு ஒருத்தன் தொந்தரவு குடுக்கிறான்" என்று பெண் வந்து சொன்னால், "நீ எதுக்கு அவன்கிட்டப் பேசினே?" என்று முதல் கேள்வி கேட்கிற வீட்டில் அவள் அடுத்த தடவை வாயைத் திறப்பாளா?

கூட்டாளி கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அப்புறம், "அது சரிதான். ஆனா மனசு கேக்கமாட்டேங்குதே சார்" என்றார். எனக்கும்தான் கேட்கவில்லை. ஐம்பது வருடப் பழக்கம் ஒரு படத்தில் போய்விடுமா?

நல்லவனையும் கெட்டவனையும் பிரித்துப் பார்க்க ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ எப்படித் தெரியும்? பேசிப் பழகினால்தான் தெரியும். நீச்சல் தெரிய வேண்டும் என்றால் வாய்க்காலில் இறங்க வேண்டும். நாம் கரையில் நின்று பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்வதற்கும் பூட்டி வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பேசவே விடாமல் இருபத்தைந்து வயது வரை பொத்தி வளர்த்துவிட்டு, ஒரே நாளில் ஒரு முன்பின் தெரியாதவனோடு அனுப்பி வைக்கிறோம். இதில் எது பாதுகாப்பு என்று ஆற அமர யோசியுங்கள்.

அந்தப் படத்தின் மூன்றாவது கதை நம்மைப் போன்றவர்களுக்காகவே எடுத்தது. நடனக் கலைஞர் லீலா சாம்சன் அதில் நடித்திருக்கிறார். கலாக்ஷேத்ராவுக்கும் சென்சார் போர்டுக்கும் தலைவராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு முதிய பெண்ணாக வருகிறார். மனைவியை இழந்த ஒருவரோடு பழக்கம் ஏற்படுகிறது. கடற்கரையில் முட்டையிட வரும் ஆமைகளைப் பார்க்க ராத்திரியில் நடப்பதில் அந்த அம்மாவுக்கு விருப்பம். சென்னையில் அப்படி நடப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். மாணவர்கள் 1988-லிருந்து ஒரு அமைப்பாக ஜனவரியிலிருந்து நடந்து, நாய்க்கும் மனிதருக்கும் தப்பவைத்து முட்டைகளைப் பத்திரப்படுத்திக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடிக்க அந்த இரண்டு பெரியவர்களுக்கும் எவ்வளவு தயக்கம்! ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அறுபதிலும் விடுவதில்லை. நம் தெருவில் மனைவி போனபின் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் எத்தனை பேர்? எதிர் வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை கூடப் பேச முடியாமல், பேசினால் மகன் முகம் சுளிப்பானோ என்று பயந்து, டிவியைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேருகிறார்கள். பிள்ளைகளுக்கு நாம் போட்ட சுவர்தான் கடைசியில் நம் பக்கமும் வந்து நிற்கிறது.

நாலாவது கதையில் சமுத்திரக்கனியும் சுனைனாவும் புருஷன் பெண்டாட்டி. வீட்டில் பேசும் இயந்திரம் ஒன்று வந்த பிறகுதான் அவள் மனதில் இருப்பது அவனுக்குப் புரிகிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் செருமிக்கொண்டு தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டேன்.

சரி, நாம் என்ன செய்ய முடியும்? பெரிய புரட்சி எல்லாம் நம் வயதுக்கு ஆகாது. பேரன் பேத்தி யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால், சைக்கிளை நிறுத்தி நாமும் இரண்டு வார்த்தை பேசலாம். "இந்தத் தம்பி யாரு கண்ணு? வாங்க தம்பி, உக்காருங்க" என்று ஒரு டம்ளர் மோர் கொடுக்கலாம். வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருட்டைத் தேட மாட்டார்கள். யாரைப் பற்றியாவது அவர்களே சொல்ல ஆரம்பித்தால், முதல் கேள்வியாகச் "என்ன ஆளுங்க?" என்று கேட்காமல் இருக்கலாம். எனக்கே அது நாக்கு நுனியில் நிற்கிறது. அதைக் கடித்து விழுங்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

லீவு முடிந்து பேத்தியைப் பழனி பஸ் நிலையத்தில் ஏற்றிவிடப் போனேன். தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்கள் கூட்டம் ஆரம்பித்திருந்தது. கோவை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இடம் காலி. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு தடவையும் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பக்கத்துல யார் வந்தாலும் பேச்சு வச்சுக்காதே." அவளும் என் வாயைப் பார்த்துக்கொண்டு, அதை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. பக்கத்துல யார் வந்தாங்க, என்ன பேசுனீங்கன்னும் சொல்லு" என்றேன்.

ராத்திரி எட்டரைக்குப் போன் வந்தது. ஆயக்குடிக் கொய்யாக் கூடையோடு ஒரு பாட்டி ஏறினாராம். உடுமலை வரைக்கும் மருமகளைப் பற்றிப் பேசிவிட்டு, அதற்கப்புறம் கோவை வரைக்கும் இவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாராம். இறங்கும்போது நாலு கொய்யாப்பழம் கொடுத்தாராம்.

"அடுத்த தடவை வேற படம் கொண்டு வரேன் தாத்தா" என்றாள். கொண்டு வரட்டும்.